திரையைக் கிழித்த தையல்காரி

அந்தத் தெருவில் இரண்டு தூண்கள் இருந்தன. ஒன்று, முனையில் நின்ற விளக்குத் தூண். அது பாதி நாள் எரியாது. மற்றது தையல்காரி. அவள் எரியாத நாளே கிடையாது.

தூண் என்பது அவள் முதுகுக்குப் பின்னால் தெரு வைத்த பெயர். காரணம் அவளுடைய இடது கால். முழங்காலுக்குக் கீழே அது வீங்கித் தடித்து, தோல் சொரசொரத்து, பாதத்தின் மேல் மடிப்பு மடிப்பாக விழுந்து, யாரோ அவசரத்தில் வேறொரு ஆளுடைய காலை மாட்டி அனுப்பிவிட்டதுபோல் இருக்கும். அவள் நடந்து வந்தால் மாடிவீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்குமாம். ஒரு தடவை அவள் கோபத்தில் காலைத் தரையில் ஊன்றியதில் தபால் நிலையத்துக் கடிகாரமே பயந்து கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டதாம். அன்றிலிருந்துதான் அந்தத் தெருக்காரர்கள் வேலைக்கு நேரத்தோடு போகிறார்களாம். அத்தனையும் பொய். கடிகாரம் ஓடியது மட்டும் ஒருவேளை நிஜமாக இருக்கலாம்.

முகத்துக்கு நேரே அவள் ‘தையலக்கா’தான். வேறு எப்படிக் கூப்பிட முடியும்? தெருவில் அத்தனை பேருடைய இடுப்பளவும் அவளுக்கு மனப்பாடம். யார் போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவு பெருத்திருக்கிறார்கள் என்று அவள் வாயைத் திறந்தால் பாதித் தெரு வெளியே தலைகாட்ட முடியாது.

கால் ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. பாவாடை கட்டித் திரிந்த வயதில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், கால் வீங்கும், சில நாளில் வற்றிவிடும். வளர்கிற பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் விருந்தாளி ஒவ்வொரு தடவை திரும்பிப் போகும்போதும் ஒரு மூட்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போவதுபோல், ஒவ்வொரு காய்ச்சலும் கொஞ்சம் வீக்கத்தை விட்டுவிட்டுப் போனது. கடைசியில் ஒரு டாக்டர் பார்த்து, யானைக்கால் என்றார். கொசு கொண்டு வந்து விட்ட புழு, நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும், உடம்பில் நீர் ஓடுகிற பாதையில் போய்க் குடியிருந்து பாதையை நாசமாக்கிவிட்டது என்று விளக்கினார்.

“நூல் மாதிரியா?” என்று அவள் கேட்டாளாம். “என் தொழில் சாமானையே எனக்கு எதிரா அனுப்பியிருக்காங்க பாருங்க டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, முடிக்க வேண்டிய சட்டைக்குக் காலர் வைத்தாள்.

அப்பா காலமானதும் தையல் கடை அவளுக்கும் தம்பிக்கும் என்று ஆனது. தம்பிக்கு முகவெட்டு நன்றாக இருக்கும், பேச்சும் வரும். அதனால் அவன் முன்பக்கம் நின்று அளவெடுப்பான், வாடிக்கையாளரோடு சிரித்துப் பேசுவான். அவள் பின்பக்கம் கால்மிஷினில் உட்கார்ந்து தைப்பாள். கடை கைக்கு வந்த கொஞ்ச நாளில் தம்பி ஒரு கம்பியைக் கட்டி, இரண்டுக்கும் நடுவில் தரை தொடுகிற மாதிரி ஒரு தடித்த பழுப்புத் திரையைத் தொங்கவிட்டான்.

“தெருத் தூசியெல்லாம் உள்ள வருதுக்கா” என்றான்.

எந்தத் தூசி என்று இருவருக்கும் தெரியும். ஆயுளில் அவள் பதில் சொல்லாமல் விட்ட ஒரே நாள் அதுதான். அன்றைக்கு வெயில் காலத்தில் மழை கொட்டியது என்று தெருவில் இன்னமும் சொல்கிறார்கள்.

திரைக்குப் பின்னால் மிஷின், துணிக்கட்டு, அவள் – அவ்வளவுதான் இடம். காலை நீட்ட வேண்டும் என்றால் திரைக்கு வெளியேதான் நீட்ட வேண்டும். சுகாதார நிலையத்து நர்ஸ் வரும்போதெல்லாம் இதைச் சொல்லித் திட்டுவாள். மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும் என்பதால் அவளைக் குடை நர்ஸ் என்பார்கள். சோப்புப் போட்டுக் காலைக் கழுவுவது, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி எடுப்பது, வெடிப்பில் களிம்பு தடவுவது எல்லாம் அவள் கற்றுக்கொடுத்ததுதான். அதைச் செய்ய ஆரம்பித்த பிறகு தையல்காரிக்கு அடிக்கடி வந்த காய்ச்சல் ஏறக்குறைய நின்றே போனது.

“மிஷின் மிதிக்கிறீங்களே, அது நல்ல பயிற்சிதான்” என்பாள் குடை நர்ஸ். “ஆனா மிதிக்காத நேரம் காலை உயர்த்தி வைக்கணும்க்கா. தொங்கப் போட்டா நீர் இறங்கி இன்னும் வீங்கும்.”

“எங்க வைக்கிறது? உன் தலை மேலயா?”

“திரைக்கு வெளிய வைங்க.”

“வச்சா என் தம்பி மயங்கி விழுவான். அப்புறம் அவனுக்கு நீ வைத்தியம் பாக்கணும்.”

குடை நர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவை தெருவுக்கே மாத்திரை கொண்டு வருவாள். கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் கிடக்கிற நோயாளி தவிர எல்லாரும் விழுங்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் விழுங்குகிறேன் என்கிற கதை நடக்காது, அவள் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். புழு யார் உடம்பில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் ஊரே சேர்ந்து விழுங்கினால்தான் கொசுவுக்குத் தூக்கிப் போக ஒன்றும் மிஞ்சாது.

போன வருஷம் வரைக்கும் தெரு முணுமுணுத்துக்கொண்டே விழுங்கியது. போன வருஷம்தான் நர்ஸ் ஒரு உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். மாத்திரை போட்ட சிலருக்குக் காய்ச்சல் வருகிறதே, இது என்ன விஷமா என்று யாரோ கேட்டதற்கு, “பயப்படாதீங்க. உடம்புல புழு இருக்கறவங்களுக்குத்தான் வரும். புழு சாகுது, அதான் காய்ச்சல், தலைவலி எல்லாம். ஒரு நாள், ரெண்டு நாள்ல சரியாயிடும். புழு இல்லேன்னா பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது” என்றாள்.

தைரியம் கொடுப்பதற்காகச் சொன்னதுதான். தெரு வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. காய்ச்சல் வந்தால் புழு இருக்கிறது. புழு இருந்தால் நாளைக்கு இன்னொரு தூண். ஆக, இது காட்டிக்கொடுக்கிற மாத்திரை! அந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொருத்தரும் அடுத்தவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாகத் தலை வலித்தவர்கள்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் முனகினார்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்தவர்கள் உண்டு, கடைவாயில் ஒதுக்கியவர்கள் உண்டு, தண்ணீர் குடித்த கையோடு பெரிதாக இருமி, கைக்குட்டையில் துப்பி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அன்றைக்கு அந்தத் தெரு இருமிய இருமலில் மரத்துக் காக்கைகள் ஊரை விட்டே போய்விட்டன.

நர்ஸ் ஏமாந்தாள். ஆனால் சட்டைப் பை எங்கே போகும்? தையல் விட்டுப் போனால் தையல்காரியிடம்தான் போகும். வருஷம் முழுக்க, பொத்தான் வைக்க வந்த சட்டை, இடுப்புப் பிரிக்க வந்த கால்சட்டை, விளிம்பு மடிக்க வந்த கோட்டு என்று ஒவ்வொன்றின் பையிலும் பஞ்சும் நூலும் ஒட்டிக்கொண்டு ஒரு மாத்திரை கிடந்தது. அவள் எதையும் தூக்கி எறிகிற ஜாதி இல்லை. பொத்தான் போட்டு வைக்கிற தகர டப்பாவில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாள். டப்பாவை ஆட்டும்போது அவளுக்குத் தனியாகச் சிரிப்பு வரும்.

சிரிப்பு நின்ற நாள், தம்பி மகளுக்குக் கால்சட்டை அளவெடுத்த நாள்.

தம்பிக்கு ஒரே மகள். அத்தை கையிலேயே வளர்ந்தவள். பஸ் கண்டக்டர் வேலைக்குத் தேர்வாகி, சீருடைத் துணியோடு குதித்துக்கொண்டு திரைக்குள் வந்தாள். சாதாரணமாகத் தையல்காரர்கள் ஒரு காலைத்தான் அளப்பார்கள், மற்றதை நம்பிவிடுவார்கள். இவள் மட்டும், திரைக்குள் வந்து அளவு கொடுக்கிற பெண்கள் எல்லாருக்கும் இரண்டு காலையும் அளப்பாள். கால்களை நம்பக்கூடாது என்று அவளுக்குச் சொந்த அனுபவம்.

“அசையாம நில்லுடி.”

“எத்தனை தடவை அளப்பீங்க அத்தை? எனக்கு வேலையில சேர்ற நாளே வந்துடும்போல.”

“நாடா பொய் சொல்லுது. மறுபடி பாக்குறேன்.”

நாடா பொய் சொல்லவில்லை. வலது கணுக்காலைவிட இடது கணுக்கால் ஒரு விரல் அதிகம். தையல்காரி விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் குழியாகி, யோசித்து யோசித்து மேலே வந்தது.

“எப்பலேர்ந்து?”

“எது?”

“என்கிட்டயேவா? எப்பலேர்ந்து இது வீங்குது?”

பெண் துணியை மடிப்பதுபோல் பாவனை செய்தாள். “சாயங்காலம் ஆனா வரும். காலையில போயிடும். அவ்வளவுதான் அத்தை.”

“எனக்கும் அவ்வளவுதான்னுதான் சொன்னாங்க.” தையல்காரி டப்பாவைத் திறந்து, கிளறி, நீல நூல் ஒட்டிய ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். “உன் நீலச் சட்டை. பாக்கெட் கிழிஞ்சுடுச்சுன்னு குடுத்தியே.”

பெண்ணின் முகம் வாடிவிட்டது. “அப்பாதான் துப்பிடச் சொன்னார். காய்ச்சல் வந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்னார். எனக்கும் பயமா இருந்துச்சு. தெரிஞ்சா வேலை குடுப்பாங்களா? அப்புறம் நானும் உங்களை மாதிரி…”

“சொல்லு. என்னை மாதிரி?”

“திரைக்குப் பின்னாடி உக்காரணும்.”

தையல்காரி நாடாவைச் சுருட்டினாள். அவிழ்த்தாள். மறுபடி சுருட்டினாள். பிறகு, “டேய்!” என்று போட்ட சத்தத்தில் முன்பக்கம் நின்ற தம்பி, கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைத் தவறவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

“உன் பொண்ணுக்குக் கால் வீங்குது.”

“மெதுவாக்கா! வெளிய கேக்கும்.”

“நாளைக்கு நர்ஸ் வருது. இவ மாத்திரை முழுங்கணும்.”

“வேண்டாம். வேலையில சேர்ற நேரம். காய்ச்சல்னு படுத்தா எதிர்ல அந்த வானொலி சும்மா இருப்பானா?” வானொலி என்பது எதிர்க்கடையில் உட்கார்ந்து கைக்கடிகாரம் பழுது பார்க்கிற மனிதர். அவர் வாயை மூட ஒரு திருகு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. “பஸ் டிப்போ வரைக்கும் ஒலிபரப்பிடுவான். வேணும்னா அப்புறமா எப்பவாவது, யாருக்கும் தெரியாம…”

“அப்புறமான்னா எப்போ? என் காலு மாதிரி ஆனப்புறமா? இவ ஒருத்தி ரகசியமா முழுங்கி என்ன ஆகப்போகுது? தெருவுல எவன் உடம்புல அது இருந்தாலும் கொசு மறுபடி கொண்டுவந்து இவளுக்கே குடுக்கும். எல்லாரும் முழுங்கணும்டா.”

“உனக்கென்னக்கா, சொல்லிட்டுப் போயிடுவே. தூண் வீட்டுல இன்னொரு தூண்னு நாளைக்குப் பேச்சு வந்தா அவளை யாரு…”

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

“வந்துடுச்சா?” என்றாள் தையல்காரி. “இத்தனை வருஷம் கடைவாயிலயே ஒதுக்கி வச்சிருந்தியே, மாத்திரை மாதிரி.”

தம்பி தலையைத் தொங்கப் போட்டான். ஆனால் பிடிவாதம் தலையோடு சேர்ந்து தொங்கவில்லை. “நாளைக்கு நம்ம கடை வாசல்லதான் நர்ஸ் மேஜை போடுறாங்க. நீ தயவு பண்ணி உள்ளயே இரு” என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டான்.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் தெரு கூடியது. குடை நர்ஸ் குடையை மேஜைக் காலோடு கட்டி நிழல் செய்துகொண்டு, தண்ணீர்க் குடத்தையும் குவளைகளையும் பரப்பினாள். ஒவ்வொருத்தராக வந்து வாயில் போட்டார்கள், குடித்தார்கள், இருமினார்கள். திரைக்குப் பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே துணி இல்லை, நூல் இல்லை. வெறும் மிஷின், ரயில் மாதிரி ஓடியது.

வானொலிக்கு அது பொறுக்கவில்லை. “என்னப்பா, உள்ள இந்த ஓட்டம் ஓடுது? அக்கா யாருக்குத் தைக்கிறாங்க? சர்க்கஸ் யானைக்கு டவுசரா?”

தெரு சிரித்தது. தம்பியும் வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்கிற பழக்கத்தில் பாதி சிரித்துவிட்டான்.

மிஷின் நின்றது.

அடுத்து ஒரு சத்தம் கேட்டது. துணி கிழிப்பது தெரிந்தவர்கள் கிழிக்கிற சத்தம். கத்தரிக்கோலால் விளிம்பில் ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. பழுப்புத் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்தது. நடுவில் தையல்காரி நின்றாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கையில் டப்பா, மறு கையில் கத்தரிக்கோல். நேரே வாசலுக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காருகிற முக்காலியை இழுத்துப் போட்டு, இடது காலைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். முக்காலி ‘அம்மா’ என்றது. கேட்டவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

“பாத்துக்குங்க” என்றாள். “எத்தனை நாளைக்குத் திரை இடுக்குல எட்டி எட்டிப் பாப்பீங்க? கழுத்து வலிக்காதா? வாங்க, கிட்ட வாங்க. கடிக்காது. கழுவித் துடைச்ச கால். உங்க நிறையப் பேரு மூஞ்சியைவிடச் சுத்தம்.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. சிலர் வாயில் இன்னும் மாத்திரை இருந்ததும் ஒரு காரணம்.

“அக்கா, உள்ள போ” என்று தம்பி பல்லைக் கடித்தான்.

“எங்க போறது? உள்ளன்னு ஒண்ணு இனிமே இல்லையே.” அவள் டப்பாவைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தாள். பொத்தான்களோடு சேர்ந்து மாத்திரைகள் உருண்டன. “போன வருஷம் காணாமப் போன சாமானெல்லாம் இருக்கு. அடையாளம் சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க. இது காக்கி நூல் ஒட்டியிருக்கு, யாருதுன்னு சொல்லவா? இது பூப்போட்ட ரவிக்கை, பாக்கெட் வைக்கச் சொல்லித் தச்சதே இதுக்குத்தான்போல. இது கோட்டு உள்பாக்கெட். தெருவுலயே கோட்டுப் போடுறவரு ஒருத்தர்தான், என்ன வானொலி?”

வானொலிக்கு அன்றைக்கு அலைவரிசை கிடைக்கவில்லை.

குடை நர்ஸ் மேஜையைப் பார்த்தபடி நின்றாள். “எல்லாரும் என் கண் முன்னாடிதானே முழுங்கினீங்க?”

“நீ வாயைப் பாத்தே. எனக்குப் பாக்கெட் கிடைச்சுது” என்றாள் தையல்காரி. “அதெல்லாம் பழசு, குப்பையில போடு. எனக்குப் புதுசு குடு.”

வாங்கினாள், வாயில் போட்டாள், தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். வாயைத் திறந்து நாக்கை நீட்டி, வலது பக்கக் கூட்டத்துக்கு ஒரு தரம், இடது பக்கக் கூட்டத்துக்கு ஒரு தரம், மாடியில் நின்றவர்களுக்கு ஒரு தரம் காட்டினாள்.

“நாளைக்கு நான் இங்கயே பாய் போட்டு உக்காரப்போறேன். காய்ச்சல் வந்தா எல்லாரும் வந்து வேடிக்கை பாருங்க. இந்தத் தெருவுலயே பெரிய கால் என்னுது, முதல்ல எனக்குத்தானே வரணும்? வரட்டும். நடுங்கட்டும். எனக்கு வர்ற காய்ச்சலை நான் ஏன் ஒளிக்கணும்? நான் என்ன திருடியா கொண்டுவந்தேன்?” அவள் மேஜையிலிருந்து கடைசியாக ஒரு மாத்திரையைப் பொறுக்கினாள். “இது வெள்ளைச் சட்டை, கோடு போட்டது. என் தம்பியோடது.”

“குடு அதை!” தம்பியின் முகம் சிவந்துவிட்டது. “என்ன, நான் பயந்துக்கிட்டா துப்பினேன்? எனக்கு எதுக்குப் பயம்? எனக்கு ஒண்ணும் கிடையாது!” நர்ஸ் கையிலிருந்து புதிய மாத்திரையைப் பறித்து வாயில் போட்டு விழுங்கினான். சின்ன வயதில் அக்காவிடம் காட்டுவதுபோலவே நாக்கை நீட்டினான். “போதுமா? பாத்துக்கோ!”

“நல்ல பிள்ளை” என்றாள் அக்கா.

அவள் தம்பி மகள் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஒரு கணுக்காலுக்காகத்தான் இத்தனை கூத்தும், ஆனால் அவள் பெயரை எடுக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவள் அப்பாவைப் பார்த்தாள், கிழிந்த திரையைப் பார்த்தாள், முக்காலி மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து கையை நீட்டினாள். விழுங்கினாள். யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்து காட்டினாள்.

அதற்குப் பிறகு யாரும் இருமவில்லை. இருமத் தோன்றியவர்களும் தையல்காரி கையில் கத்தரிக்கோல் இருப்பதைப் பார்த்து விழுங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து தையல்காரி வாசலில் பாயை விரித்து, போர்வையும் தண்ணீர்ச் செம்பும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காய்ச்சலுக்காகக் காத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளுகுளுவென்று இருந்தது. எதிர்க்கடையிலிருந்து வானொலி, “வந்துதா அக்கா?” என்று கத்தினார்.

“இன்னும் வரல.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “வந்துதா?”

“வரலய்யா. பஸ் மாதிரி லேட்டாகுது.”

மூன்றாவது தடவை கேட்க வானொலியிடமிருந்து சத்தமே வரவில்லை. எட்டிப் பார்த்தால், மண்டையைப் பிளக்கிற வெயிலில் கோட்டை மாட்டி, மேல்பொத்தான் வரை போட்டுக்கொண்டு, கையில் ஒரு கடிகாரத்தை வைத்துத் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடிகாரம் பழுது பார்க்காமலேயே குலுங்கிக் குலுங்கி ஓட ஆரம்பித்துவிட்டது என்பது பின்னால் சேர்த்த சங்கதி.

இங்கே கடைக்குள் தம்பி ஒருத்தருக்குத் தோளளவு எடுத்துக்கொண்டிருந்தான். நாடா நடுங்கியது. “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்தபடி பின்பக்கம் ஓடினான். பழக்கத்தில் கை திரையைத் தேடியது. திரை இல்லை. கம்பி மட்டும் இருந்தது. வாடிக்கையாளர் பார்க்க, தெரு பார்க்க, பற்கள் கிட்டிக்க நின்றான். ஒளிய இடம் இல்லை.

“இங்க வா” என்றாள் அக்கா, பாயைத் தட்டி. “எனக்குத்தான் விரிச்சேன். எனக்கு வரமாட்டேங்குது. நீயாவது படு.”

படுத்தான். அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

கடையை ஒட்டிய வீட்டுக்குள் மகளுக்கும் தலை வெடித்துக்கொண்டிருந்தது. “வெயில்னு சொல்லிடலாம்டி. யாரு கேக்கப் போறாங்க?” என்று அம்மா கெஞ்சியது வாசல் வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெண் தலையில் ஈரத்துணியோடு வெளியே வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னாள்:

“எனக்கும்தான் காய்ச்சல். எனக்குக் கணுக்கால் வீங்குது. புழு இருந்துச்சு, சாகுது. யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?”

யாரும் கேட்கவில்லை. எதிர்க்கடையிலிருந்து மட்டும் தேய்ந்த குரல் ஒன்று வந்தது. “எனக்கு வெயில்தான்மா.”

“வெயிலுக்கா கோட்டு?” என்றாள் தையல்காரி.

வானொலி சற்று நேரம் மௌனமாக இருந்தார். சரித்திரத்தில் அது இரண்டாவது மழைக்கான சகுனம். பிறகு, “சரி… எனக்கும்தான்” என்றார்.

அது அப்படியே தெருவோடு போனது. பழக்கடைக்காரர் எனக்கும்தான் என்றார். மாடிவீட்டு டீச்சர் எனக்கும்தான் என்றாள். முந்தின நாள் வெளியூர் போயிருந்ததால் மாத்திரையே வாங்காத ஒரு ஆள்கூட, தான் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்று நெற்றியில் துணி கட்டிக்கொண்டு படுத்தார். அவருக்கு நர்ஸ் வந்து எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டியதாயிற்று.

குடை நர்ஸ் பாய் பாயாக வந்து நெற்றி தொட்டாள், காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள், நாளைக்குள் சரியாகிவிடும் என்றாள். தையல்காரி அவளை மடக்கினாள்.

“எனக்கு ஏன் வரல? குடுத்தது போலி மாத்திரையா?”

“உங்களுக்கு எப்படிக்கா வரும்? உங்க உடம்புல இருந்த புழுவெல்லாம் செத்து எந்தக் காலமோ ஆச்சு. அது இடிச்சுட்டுப் போன இடம்தான் இந்தக் காலு. இப்ப ரத்தத்துல குட்டிப் புழு ஓடிட்டு இருக்கறது, கால் நல்லா இருக்கறவங்களுக்குத்தான் அதிகம். போன வருஷமே நான் இதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்.”

“அப்போ இத்தனை வருஷம் கொசு எங்கிட்டேர்ந்து எடுத்துட்டுப் போகல?”

“உங்ககிட்ட எடுத்துட்டுப் போக ஒண்ணும் இல்லையே.”

தையல்காரி திரும்பிப் பாயைப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து அழகான முகவெட்டுள்ள தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் ஈரமாக இருந்தது காய்ச்சலாலா என்று யாருக்குத் தெரியும்.

“அக்கா, நான் உன்னைத் தூசின்னு சொல்லி…”

“வாயை மூடிட்டுப் படு” என்றாள் அவள். “காய்ச்சல்ல எல்லாரும் உளறுவாங்க.” ஆனால் ஈரத்துணியை அவன் நெற்றியில் போடும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தியே போட்டாள்.

காய்ச்சல் இறங்கிப் பெண் எழுந்ததும் முதல் வேலையாகச் சீருடைத் துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். வீக்கம் மந்திரம் போட்ட மாதிரி மறைந்துவிடவில்லை. மறையும் என்று நர்ஸும் சொல்லவில்லை. வருஷா வருஷம் மாத்திரை, தினமும் காலைக் கழுவித் துடைப்பது, பஸ் நிற்கும்போதெல்லாம் காலை உயர்த்தி வைப்பது, இப்படிப் பார்த்துக்கொண்டால் இந்த அளவிலேயே பிடித்து நிறுத்தலாம் என்றாள். விடியும்போது அத்தையும் மருமகளும் குழாயடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலுக்குச் சோப்புப் போட ஆரம்பித்தார்கள். யார் கால் அழகு என்று தினமும் சண்டை.

“கால்சட்டையை எப்படித் தைக்கட்டும்?” என்று அத்தை கேட்டாள். “ரெண்டையும் லூசா விட்டா வித்தியாசம் தெரியாது.”

“வேண்டாம். அளந்த மாதிரியே தைங்க. இடது பக்கம் ஒரு விரல் கூட.”

அப்படியே தைத்தாள். அந்தக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறி ‘டிக்கெட்’ என்று குரல் கொடுத்த முதல் நாள், யாரும் சொல்லாமலேயே பஸ் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். குரல் அத்தையுடையது.

கிழிந்த பழுப்புத் திரை வீணாகவில்லை. அந்த வீட்டில் எதுதான் வீணாகும்? தையல்காரி அதை வெட்டி, துண்டுத் துணிகளை உள்ளே திணித்து, நல்ல தடித்த தலையணை ஒன்று தைத்தாள். மிஷின் இப்போது கடையின் முன்பக்கம், வெளிச்சத்தில். தம்பிதான் தள்ளிக்கொண்டு வந்து வைத்தான். மிதிக்காத நேரத்தில் முக்காலி, முக்காலி மேல் பழுப்புத் தலையணை, தலையணை மேல் கால், தெருவைப் பார்த்தபடி.

ஒரு நாள் வேற்றூர்க்காரர் ஒருவர் கால்சட்டை தைக்க வந்தார். துணியைக் கொடுக்க மறந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா கால்ல?”

“இதுவா? இதுல ரொம்ப நாள் முன்னாடி ஒரு குடும்பம் குடியிருந்துது. சுவரையெல்லாம் இடிச்சுப் போட்டுட்டுப் போய்ச் சேந்துடுச்சு” என்றாள் தையல்காரி, கழுத்திலிருந்து நாடாவை உருவியபடி. “உங்க வீட்டுல இப்ப யாரு குடியிருக்காங்கன்னு பாத்தீங்களா?”

அவர் திடுக்கிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

“ரெண்டையும் நீட்டுங்க” என்றாள். “நான் எப்பவும் ரெண்டு காலையும்தான் அளப்பேன்.”